அடிமைகள தப்ப வச்சவங்க நம்ம ஊர்லயும் உண்டா?

தக்கலைக்காரன்: மக்கா, மகளுக்கு ஹாரியட் டப்மன் பாடம் சொல்லிக்குடுத்தேன், அமெரிக்காவுல அடிமையா இருந்தவங்க, 1849ல தான் தப்பிச்சது போதாதுன்னு திரும்பத் திரும்ப மேரிலாண்டுக்குப் போயி 70 பேர் வரைக்கும் ராத்திரியோட ராத்திரியா கூட்டிட்டு வந்தவங்க, நம்ம பக்கம் இப்படி யாராச்சும் உண்டா?

வடசேரி அக்கா: இங்க நூல்தான் தம்பி வழி. நாகர்கோவில்ல மிஷனரி மார்த்தா மால்ட் அம்மா லேஸ் பின்ன சொல்லிக்குடுத்து, அந்தக் காசுல அடிமைப் பொண்ணுங்க தங்களையே விலைகுடுத்து மீட்டாங்க. எங்க பாட்டி பெட்டியில ஒரு லேஸ் துண்டு கெடக்கு, கண்ணுகிட்ட வச்சாதான் முடிச்சு தெரியும், பாத்தாலே தொண்டை அடைக்கும்.

குழித்துறை: திருவிதாங்கூர்ல அடிமை ஒழிப்பு 1855லதான், ஆனா 1847லயே மீட் பாதிரியாரும் மத்த மிஷனரிமாரும் ராஜாவுக்கு மனு குடுத்தாச்சு.

தக்கலைக்காரன்: அக்கா, அந்த லேஸ ஒரு போட்டோ போடுங்க, மகளுக்கு காட்டணும்.