சொந்தக் காசில் கார் ரேஸ்: வருஷச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது? இறங்கலாமா?

மூணாம்வளைவு:
வணக்கம். ட்ராக் டேக்களில் (போட்டி இல்லாம ரேஸ் ட்ராக்கில் சும்மா ஓட்டுற நாட்கள்) ஓட்டிப் பழகியாச்சு. அடுத்து லைசென்ஸ் எடுத்து அமெச்சூர் ரேஸில் இறங்கலாம்னு இருக்கேன், வருஷத்துக்கு 5 வார இறுதி. கையில் இருப்பது 1,500 கிலோ, 300 குதிரைத்திறன் ரோடு கார். அதுக்கே ரோல் கேஜ் (வண்டி கவிழ்ந்தா காப்பாத்துற இரும்புக் குழாய்க் கூண்டு) போட்டு மாத்தலாமா, இல்ல ஏற்கனவே ரேஸில் ஓடின 1,000 கிலோ சின்னக் கார் ஒண்ணை வாங்கலாமா? வண்டி விலை தெரியும். அதுக்கப்புறம் எதுக்கு எவ்வளவு போகும்னுதான் பிடிபடல. இவ்வளவு செலவு பண்றது தகுமா?

பட்டறைக்காரர்:
ரோடு காரைத் தொடாதீங்க. காரணம் எடைதான். 160 கிலோமீட்டர் வேகத்தில் வர்ற 1,000 கிலோ காரை நிறுத்த பிரேக் சுமார் 1 மெகாஜூல் வெப்பத்தை விழுங்கணும். 200-ல் வர்ற 1,500 கிலோ காருக்கு அது 2.3 மெகாஜூல். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு லேப்பிலும் இதே கதை. பேட், டிஸ்க், டயர், வீல் பேரிங் எல்லாமே அந்தக் கணக்கில்தான் தேயும். பவர் கூடினால் சந்தோஷம் கூடும்னு நினைச்சு வாங்கிட்டு, ரெண்டாவது ரேஸுக்கு டயர் வாங்க முடியாம வண்டியை மூடி வைக்கிறதுதான் அதிகம் நடக்குது.

ஒரு வார இறுதியைப் பிரிச்சுப் பாருங்க. பயிற்சி 30 நிமிஷம், குவாலிஃபையிங் (ரேஸில் நிற்கும் இடத்தைத் தீர்மானிக்கிற ஓட்டம்) 20, ரேஸ் ரெண்டு தலா 25. மொத்தம் 1 மணி 40 நிமிஷம். 1.6 லிட்டர் எஞ்சின் ரேஸ் வேகத்தில் மணிக்கு 20 முதல் 25 லிட்டர் குடிக்கும். 60 லிட்டர் கொண்டு போனா போதும். பெட்ரோல் செலவு பெரிசில்லை. காசு போறது டயரிலும் நுழைவுக் கட்டணத்திலும் வண்டியை ஏற்றிக்கொண்டு போய் வர்றதிலும்தான்.

டயரில் ரப்பர் மிச்சம் இருக்கும்போதே பிடி போயிடும். சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் ரப்பர் இறுகுறதுதான் காரணம். டயரோட வெளி ஓரம் மட்டும் தேஞ்சு உள்பக்கம் புதுசா இருந்தா கேம்பர் (சக்கரத்தோட மேல்பக்கம் உள்நோக்கிச் சாயற கோணம்) பத்தலை. சின்னக் காருக்கு முன்பக்கம் மைனஸ் 3 டிகிரி வரை தேவைப்படும். அந்த ஒரு அலைன்மென்ட் வேலையைத் தள்ளிப் போட்டா வருஷத்துக்கு ஒரு செட் டயர் வீண். காற்றழுத்தத்தை பிட்டுக்குள் (ட்ராக் ஓரம் வண்டியை நிறுத்தி வேலை பார்க்கிற இடம்) வந்தவுடன் அளக்கணும். குளிர்ந்த நிலையைவிட 6 முதல் 8 பிஎஸ்ஐ ஏறியிருக்கும். ஆறின பிறகு அளந்த எண்ணால் பிரயோஜனமில்லை.

பிரேக் ஆயிலில் மட்டும் சிக்கனம் வேண்டாம். டாட் 4-ங்கிற பிரேக் ஆயில் தரத்துக்குப் புதுசில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, ஈரம் உறிஞ்சின பிறகு 155. கொதிச்சா குழாயில் ஆவி நிற்கும், பெடல் தரையைத் தொடும். ரேஸுக்குன்னே வர்ற, கொதிநிலை கூடின ஆயிலை ஊத்தி, ஒவ்வொரு வார இறுதிக்கு முன்னாலும் நாலு சக்கரத்திலும் சேர்த்து மொத்தம் அரை லிட்டர் வரை ஓட்டி பழைய ஆயிலை வெளியேத்துங்க. பேட் பாதி தேஞ்சதும் மாத்திடணும். மெலிஞ்ச பேட் வெப்பத்தைத் தடுக்காது, அது நேரா கேலிப்பருக்கும் (பேடை டிஸ்க்கில் அழுத்துற பாகம்) ஆயிலுக்கும் இறங்கும்.

ஸ்பேனர்14:
மேலே சொன்னது சரி. பழைய ரேஸ் கார் வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சேர்க்கிறேன்.

கையில் ஒரு சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துப் போங்க. ரோல் கேஜ் குழாய்கள் கூரையோடு நெருங்கும் இடத்தில் மேல்பக்க வெல்டிங் போடுவது கஷ்டம், கை போகாது. சிலர் கீழ்ப்பாதியை மட்டும் அழகாகப் போட்டு பெயின்ட் அடித்துவிடுவார்கள். கண்ணாடியை மேலே நீட்டிச் சுற்றிலும் பாருங்கள். வெல்டிங் முழு வட்டமாக இல்லையென்றால் அந்த வண்டி வேண்டாம். விலை குறைத்தாலும் வேண்டாம். அதை நம்பித்தான் உள்ளே உட்காரப் போகிறீர்கள்.

அடுத்தது தேதிகள். எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தய அமைப்பு) முத்திரை உள்ள பெல்ட்டுக்கு ஆயுள் 5 வருஷம். அந்த அமைப்பின் 8855-1999 தர முத்திரை உள்ள சீட்டுக்கும் அதேதான். அது முடிந்தால், தையல் புதுசுபோல இருந்தாலும் பல போட்டிகளில் ரேஸுக்கு முந்தைய வண்டிச் சோதனையில் அனுமதிக்க மாட்டார்கள். "எல்லாம் போட்ட கார்" என்று விற்பவரிடம் லேபிள்களின் படம் கேளுங்கள். சீட், பெல்ட், தீயணைப்பான் மூன்றும் காலாவதி என்றால் அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.

ரோடு காரை மாற்றும் யோசனைக்கு இன்னொரு பதில்: கேஜ், சீட், சஸ்பென்ஷன், ஆயில் கூலர் எல்லாம் போட்ட காசு விற்கும்போது திரும்பாது. முந்தைய சொந்தக்காரர் அந்த நஷ்டத்தைத் தாங்கிவிட்ட வண்டியை வாங்குவதே புத்திசாலித்தனம்.

லேப்டைம்:
ரெண்டு பேரும் விட்டது ஒண்ணு இருக்கு, விபத்து. சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் ரேஸுக்குச் செல்லாது. யார் இடிச்சாலும் பெரும்பாலான போட்டிகளில் அவங்கவங்க வண்டிக்கு அவங்கவங்களே செலவு. அதனால வண்டி விலைக்குச் சமமான தொகை கையில் தொடாம இருக்கணும். இல்லைன்னா இன்னும் விலை குறைந்த வண்டிக்கு இறங்கி வாங்க.

எஞ்சினைக் கொல்றது பெரும்பாலும் கியரைத் தப்பா மாத்துற கை. மூணாவது கியர் விகிதம் 1.33, ரெண்டாவது 1.89-ன்னு வைங்க. 6,800 ஆர்பிஎம்மில் மூணிலிருந்து நாலுக்குப் போறதுக்குப் பதிலா ரெண்டில் விழுந்தா, கிளட்ச் விட்ட நொடியில் எஞ்சின் 9,600-ஐத் தாண்டும். ரெவ் லிமிட்டர் (எஞ்சின் வேகத்துக்கு வரம்பு போடுற அமைப்பு) காப்பாத்தாது, சக்கரம்தானே சுத்த வைக்குது. வால்வு பிஸ்டனில் முட்டி வளையலாம். லீவரை இறுக்கிப் பிடிச்சுப் பக்கவாட்டில் அழுத்துறதாலயும், எஞ்சினைத் தாங்குற ரப்பர் மவுன்ட் தளர்ந்து வளைவில் எஞ்சின் சாயறதாலயும் இது வருது. உள்ளங்கையை விரிச்சு நேரா இழுக்கப் பழகுங்க. மவுன்ட்டைப் புதுசாப் போடுங்க, எஞ்சினோட ஒப்பிட்டா அது சில்லறைக் காசு.

தகுமான்னு கேட்டீங்க. தகும். சக்கரத்துக்குச் சக்கரம் ஒட்டி ஒரு வளைவுக்குள்ள நுழையறது ட்ராக் டேயில் எத்தனை வருஷம் ஓட்டினாலும் கிடைக்காது. வண்டிகளுக்கு ஒரே விதி உள்ள வகுப்பில், குறைந்த பவரில் ஓட்டினா அது நிறையக் கிடைக்கும். வருஷம் 2 ரேஸ்தான் முடியும்னா வண்டியே வாங்காம வாடகைக்கு எடுங்க, ட்ரெய்லரும் ஷெட்டும் மிச்சம்.

மூணாம்வளைவு:
நன்றி. சின்னக் கார்தான்னு முடிவு பண்ணிட்டேன். இன்னொருத்தரோட பங்கு போட்டு வாங்கலாமா?

ஸ்பேனர்14:
வாங்கலாம், ஆனால் முதல் ரேஸுக்கு முன்பே எழுதி வையுங்கள். டயர், பேட், எஞ்சின் தேய்மானம் ஓட்டிய மணிக்கணக்கில் பிரியும். இடித்தாலும் கியர் தவறினாலும் அப்போது ஸ்டீயரிங்கில் இருந்தவர் செலவு. எது கியர் தவறியது, எது தேய்மானம் என்ற சண்டை வராமலிருக்க ஆர்பிஎம்மைப் பதிவு செய்யும் டேட்டா லாகரை முதலிலேயே மாட்டிவிடுங்கள்.