லண்டன்–நியூயார்க்: போக வர ஒரே தூரம், நேரம் மட்டும் ஏன் வேறு?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர்தான் என்றிருக்க, போகும்போது சுமார் 8 மணி நேரமும் திரும்பும்போது சுமார் 7 மணி நேரமும் அட்டவணையில் காட்டப்படுவது ஏன்? பூமியின் சுழற்சி காரணமா?

பதில் 1: நேரடியாக அன்று; வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டமே லண்டன் நோக்கி வரும் விமானத்தைப் பின்னிருந்து உந்துகிறது. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே பறந்து ஹீத்ரோவை அடைந்தது.

பதில் 2: அட்டவணை நேரத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அடங்கும். நீங்கள் கூறும் தூரமும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளமே. எதிர்க்காற்றைத் தவிர்க்க விமானங்கள் பெரும்பாலும் சற்று விலகியே பறக்கின்றன.