2013ல் வாங்கிய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போடலாமா? என் பாமினி எழுத்துகள் போய்விடுமா?

காவேரிப்பட்டணம் டைப்பிஸ்ட்:

எல்லாருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்கிறேன். மனு, பத்திர வரைவு, பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், ஆடி கழிந்தால் கல்யாணப் பத்திரிகை. இன்ஸ்டிடியூட்டில் மெஷினில் ‘யளனக’ தட்டிப் பழகிய விரல் என்பதால் இன்றைக்கும் பாமினி என்ற தமிழ் எழுத்துருவில்தான் அடிக்கிறேன். வேறெதுவும் கைக்கு வரவில்லை.

கம்ப்யூட்டர், பெரிய பெண் காலேஜ் சேர்ந்த வருஷம் கிருஷ்ணகிரியில் அசெம்பிள் செய்து வாங்கியது. பழைய பில்லைப் பார்த்து எழுதுகிறேன்: ஐ3 3220 சிப், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 7 இருந்தது. 2016ல் இலவசமாகக் கொடுத்தபோது 10க்கு மாற்றிக்கொண்டோம்.

காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டுவிட்டு உள்ளே வருவேன். அப்போதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். மார்கழியில் பெரிய சிக்குக் கோலம் போட்ட நாட்களில் மட்டும்தான் கணக்கு சரியாக வந்தது. அப்புறம் வேர்டு திறக்க இன்னும் இரண்டு நிமிஷம். மனு எழுத வந்தவர்கள் திண்ணையில் உட்கார்ந்து, “என்னம்மா, மத்தியானத்துக்குள்ள முடியுமா?” என்று கேட்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஒரு கடையில் கேட்டேன். “இதைத் தர்மபுரி மியூசியத்துல நடுகல் பக்கத்துல வையுங்க, 32 ஆயிரத்துக்குப் புதுசு எடுங்க” என்று சிரித்தார்கள். இன்னொரு கடையில் சூயிங்கம் பட்டை மாதிரி ஒன்றைக் காட்டி, எம்.2 எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக இதைப் போட்டால் பறக்கும் என்றார்கள். யாரை நம்புவது? அதோடு எங்கள் தெருவில் கரண்ட் அடிக்கடி போகும். திடீரென்று கரண்ட் போனால் எஸ்எஸ்டி செத்துவிடும் என்கிறார்களே, நிஜமா? எல்லாவற்றுக்கும் மேலே, என் எழுத்துகளும் பழைய ஃபைல்களும் பத்திரமாக இருக்குமா?

ஓசூர் நைட் ஷிப்ட்:

அக்கா, முதலில் அந்த எம்.2 பட்டையை வாங்காதீர்கள். எச்61 போர்டு அது வருவதற்கு முந்தைய தலைமுறை, செருக இடமே இருக்காது. உங்களுக்கு வேண்டியது 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, அதாவது இப்போதைய ஹார்டு டிஸ்க் மாதிரியே வயரில் மாட்டும் வகை. லேப்டாப் ஹார்டு டிஸ்க் அளவுக்கு, 7 மில்லிமீட்டர் தடிமனில் தட்டையாக இருக்கும். 240 ஜிபி போதும்.

அதை வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெஷின் தவிக்கும் நேரத்தில் அதில் டிஸ்க் 100 சதவீதத்தில் சிவந்து, சிபியு 10, 15ல் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான்.

காரணம் இதுதான். உங்கள் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று. ஒரு துண்டுத் தகவல் வேண்டுமென்றால் படிக்கும் முள் அது இருக்கும் வட்டத்துக்கு நகர வேண்டும், தகவல் சுழன்று முள்ளுக்குக் கீழே வர வேண்டும். இரண்டும் சேர்ந்து 12, 13 மில்லி செகண்ட் ஆகும். நொடிக்கு எண்பது துண்டு எடுத்தால் பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ ஆயிரக்கணக்கில். ரெக்கார்டு ரூமில் ஒரே அட்டெண்டர் ஒவ்வொரு கட்டுக்கும் ஏணி ஏறி இறங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது. அதே துண்டு 0.1 மில்லி செகண்டில் வந்துவிடும்.

அட்டையில் நொடிக்கு 550 எம்பி வேகம் என்று போட்டிருக்கும். உங்கள் போர்டில் சாட்டா 2 என்ற பழைய வேக இணைப்பு மட்டுமே இருப்பதால் அதில் பாதிதான் வரும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம். உங்கள் வேலை சின்னச் சின்ன ஃபைல்கள், அதில் இந்தப் பாதி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கரண்ட் விஷயம்: எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது எந்த டிஸ்க்குக்கும் நல்லதல்ல. பழைய டிஸ்க்கும் இத்தனை வருஷம் அதே அடியைத் தாங்கித்தான் வந்திருக்கிறது. ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பலவற்றில் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் ரீஸ்டார்ட் ஆகாது. எழுதி எழுதித் தேய்ந்துவிடும் என்றும் சொல்வார்கள். 240 ஜிபி வகைகள் பலவற்றில் 80 டிபி, அதாவது 80,000 ஜிபி எழுதும் வரை என்று கணக்குக் கொடுத்திருப்பார்கள். தினம் 20 ஜிபி எழுதினாலும் பத்து வருஷத்துக்கு மேல் வரும். அதற்குள் போர்டு போய்விடும்.

கடைசியாக ஒன்று. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு பொதுவாக நின்றுவிட்டது. 11ஐ இந்த மூன்றாம் தலைமுறை ஐ3 முறைப்படி ஏற்காது. ஆகவே டைப்பிங்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேங்க் வேலையை இதில் செய்யாதீர்கள்.

தர்மபுரி ஸ்க்ரூ டிரைவர்:

நைட் ஷிப்ட் சொன்னது சரி. நான் கழட்டி மாட்டுகிறவன், கை வேலையைச் சொல்கிறேன்.

அந்தக் கால கேபினெட்டில் 2.5 இன்ச்சுக்கு இடம் இருக்காது. தனி பிராக்கெட் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரு பக்கம் இரண்டு ஸ்க்ரூ போட்டால் போதும், உள்ளே அதிர எதுவும் இல்லை. பவர் சப்ளையில் சாட்டா வயர் மிச்சம் இல்லையென்றால் டிவிடி ரைட்டருக்குப் போகும் வயரைப் பிடுங்கி இதற்குக் கொடுங்கள். இப்போது யார் டிவிடி போடுகிறார்கள்? மோலெக்ஸ் என்ற பழைய வகைப் பவர் வயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் மலிவு வயர் மட்டும் வேண்டாம். அச்சில் வார்த்த வகை உள்ளுக்குள் ஷார்ட் ஆகிக் கருகும், நான் இரண்டு பார்த்திருக்கிறேன்.

பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் செட்டிங் திரையில், சாட்டா மோட் ஐடிஇ என்ற பழைய முறையில் இருந்தால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே ஏஎச்சிஐ என்ற புது முறைக்கு மாற்றுங்கள். போட்ட பிறகு மாற்றினால் நீலத் திரை வர வாய்ப்பு உண்டு. விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கைக் கழட்டி வையுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸை எழுப்பும் பூட் ஃபைல் பழையதில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளைக்கு அதைக் கழட்டினால் புதுசும் எழுந்திருக்காது. கீ கேட்டால் ‘என்னிடம் இல்லை’ என்று தாண்டிவிடுங்கள். உங்கள் விண்டோஸ் 10இன் லைசென்ஸ் போர்டோடு ஒட்டியது, நெட் வந்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய் என்று வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே மெமரி கார்டு ஒட்டியிருந்தது.

பாலக்கோடு பத்திரக்காரர்:

தம்பிகளா, கொஞ்சம் பொறுங்கள். புது விண்டோஸ் போடச் சொல்கிறீர்கள், அம்மா கேட்டது எழுத்தைப் பற்றி.

பாமினி, எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு வகை இல்லை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் முகமூடி போட்ட எழுத்து. எழுத்துரு இல்லாத மெஷினில் ஃபைலைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். ‘அம்மா’ என்று அடித்த இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலமாக நிற்கும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. இது தெரியாமல் எங்கள் ஆபீசில் ஒரு பையன் வைரஸ் என்று நினைத்து மொத்தத்தையும் அழித்தான். அந்த நாளை இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அம்மா, எதையும் தொடுவதற்கு முன் சி டிரைவில் விண்டோஸுக்குள் ஃபாண்ட்ஸ் என்ற ஃபோல்டரில் இருப்பதை முழுசாகப் பென் டிரைவில் எடுங்கள். பிறகு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டி டிரைவ். இந்த வயசு டிஸ்க்கை நம்பாதீர்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன புரோகிராம் போட்டுப் பாருங்கள். மஞ்சள் காட்டினால் அன்றைக்கே காப்பி எடுத்துவிட வேண்டும். கல்யாணப் பத்திரிகையைப் பேஜ்மேக்கர் புரோகிராமில் செய்கிறீர்களா? அப்படியானால் அந்த சிடி எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடுங்கள்.

முடிந்தால் பழைய சி டிரைவை அப்படியே குளோன் செய்துவிடுங்கள், அதாவது அச்சு அசலாக எஸ்எஸ்டிக்கு நகல் எடுத்துவிடுங்கள். எழுத்து, செட்டிங் எல்லாம் கூடவே வந்துவிடும்.

காவேரிப்பட்டணம் டைப்பிஸ்ட்:

மூன்று பேருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், போட்டாயிற்று.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100, சிபியு 9. பத்திரக்காரர் அய்யா சொன்ன புரோகிராமும் மஞ்சள்தான் காட்டியது. ‘பெண்டிங் செக்டார்’ என்று ஒரு வரி, டிஸ்க்கில் படிக்கத் திணறும் இடங்களாம். அன்றைக்கு ராத்திரியே எழுத்துரு, ஃபைல் எல்லாவற்றையும் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். எடுத்தது நல்லதாயிற்று. எதிர் வீட்டுப் பாலிடெக்னிக் பையன் குளோன் ஆரம்பித்தான், 41 சதவீதத்தில் ‘ரீட் எரர்’ என்று நின்றுவிட்டது. மறுபடி போட்டால் மறுபடி அதே 41. டிஸ்க்கிலிருந்து பல்லி கத்துவது போல ஒரு சத்தம். போதும்டா என்று நிறுத்தச் சொன்னேன்.

அப்புறம் புது விண்டோஸ்தான். டிவிடி வயரைப் பிடுங்கி எஸ்எஸ்டிக்குக் கொடுத்து, கேபினெட்டை மூடி, ஸ்க்ரூ எல்லாம் முடுக்கிய பிறகுதான் பேஜ்மேக்கர் சிடி ஞாபகம் வந்தது. சிடியை எதில் போடுவது? ஸ்க்ரூ டிரைவர் தம்பி, “யார் டிவிடி போடுகிறார்கள்” என்று கேட்டீர்களே, நான்தான். பழைய டிஸ்க்கின் வயர் சும்மா இருந்தது, அதை டிவிடிக்குக் கொடுத்து ஏற்றினோம். பிறகு அப்படியே விட்டுவிட்டோம். பழைய டிஸ்க் இப்போது பீரோவில், பழைய புடவையில் சுற்றி இருக்கிறது.

இப்போது சுவிட்சைப் போட்டால் நான் வாளியை எடுப்பதற்குள் திரை வந்துவிடுகிறது. வீட்டுக்காரர், “இதுக்கா இத்தனை வருஷம் புலம்பினே?” என்றார். பாமினி ஃபைலை இரட்டைச் சொடுக்குப் போட்டுத் திறந்தவுடன் ஆங்கிலமாக நின்றது, நெஞ்சு ஒரு தடவை அடைத்தது. எழுத்துருவை நிறுவியதும் ஒவ்வொரு வரியாகத் தமிழ் வந்தது.

ஒரு கூத்து மட்டும் மிச்சம். பெண் தன் கணக்கில் வேர்டு புதுசாகப் போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்காக ஒரு பெரியவர் வந்தார், கிணற்றுப் பாதைத் தகராறு. பத்து நிமிஷத்தில் அடித்து பிரிண்ட் கொடுத்துவிட்டேன், அந்தப் பெருமையில் படித்துப் பார்க்கவில்லை. அவர் பேரன் வாசலிலேயே நின்று படித்துவிட்டுச் சிரிக்கிறான். ‘அய்யா’ என்று அடித்த இடமெல்லாம் ‘ஆய்யா’. நான் அ அழுத்தினால் அது ஆ ஆக்குகிறது. விரல் தப்பில்லை, நாலு முறை பார்த்தேன். எஸ்எஸ்டிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பாலக்கோடு பத்திரக்காரர்:

சம்பந்தம் இல்லை அம்மா. பாமினியில் சின்ன எம் ‘அ’, பெரிய எம் ‘ஆ’. வாக்கியத்தின் முதல் எழுத்து என்று நினைத்து வேர்டு அதைப் பெரிய எழுத்தாக்குகிறது. பழைய மெஷினில் என்றைக்கோ நீங்களே நிறுத்தியிருப்பீர்கள், மறந்திருக்கும். ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் போய் மேலே உள்ள டிக் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

பெரியவருக்கு வேறு பிரிண்ட் கொடுத்தீர்களா?

காவேரிப்பட்டணம் டைப்பிஸ்ட்:

டிக்கை எடுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. வேறு பிரிண்ட் கொடுத்தேன் அய்யா, காசு வாங்கவில்லை. பேரன் பழையதையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.