சாவியை விட்டதும் வண்டி அணைகிறது: 1978 ஃபோக்ஸ்வாகன் பஸ், எல்-ஜெட்ரானிக்

வேன்பிரியன்:
கலிஃபோர்னியாவில் வாங்கிய பஸ், 2 லிட்டர் இன்ஜின், எல்-ஜெட்ரானிக் (மின்சாரத்தில் இயங்கும் பெட்ரோல் இன்ஜெக்ஷன் சிஸ்டம்). ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் நின்றுவிடுகிறது. சாவியை ஆன் செய்தால் பெட்ரோல் பம்ப் சத்தமே இல்லை. மனைவியின் காரில் இரண்டு வினாடி ‘ஊம்’ என்று கேட்குமே. பம்ப் போய்விட்டதா?

வயர்ராஜா:
இக்னிஷனிலிருந்து பம்ப்புக்கு நேராக ஒரு வயர் இழுத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

கிரீஸ்கை:
தயவுசெய்து நேர் வயர் வேண்டாம். இன்ஜின் பிடிக்கிறது என்றால் பம்ப் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த சிஸ்டத்தில் பம்ப்புக்கு உத்தரவு கொடுப்பது இன்ஜின் இழுக்கும் காற்றுதான். ஏர் ஃபில்டரை ஒட்டிய அலுமினியப் பெட்டிக்குள் ஸ்பிரிங் வைத்த ஃபிளாப் ஒன்று இருக்கும். காற்று அதைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன கான்டாக்ட் சேரும், ரிலே (பம்ப்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வேலை செய்யும், பம்ப் ஓடும். ஸ்டார்ட்டர் சுற்றும் நேரத்தில் மட்டும் ஸ்டார்ட்டர் லைனிலிருந்தே ரிலேக்கு கரண்ட் போகும். அதனால்தான் முதலில் பிடிக்கிறது. சாவி ஆனில் சத்தம் வராததும் இந்த வண்டிக்கு இயல்புதான்.

ஃபில்டரைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து, ஃபிளாப்பை விரலால் தள்ளிப் பாருங்கள். பம்ப் ஓட வேண்டும். இக்னிஷன் பல்ஸ் (இன்ஜின் சுற்றும்போது வரும் மின் துடிப்பு) இல்லாததால், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் திறக்காது, பயம் வேண்டாம். ஓடாவிட்டால் பெட்டியின் 36, 39 பின்களில் மீட்டர் வையுங்கள்: மூடியிருக்கும்போது ஓப்பன், தள்ளினால் கிட்டத்தட்ட ஜீரோ ஓம்.

ஓடினால், பெட்டிக்கும் த்ராட்டிலுக்கும் (ஆக்சிலரேட்டர் மிதித்தால் திறக்கும் காற்று வால்வு) நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைப் பாருங்கள். விரிசல் வழியாகக் காற்று போனால் ஃபிளாப் எழாது. ஆயில் ஊற்றும் மூடி லூசாக இருந்தாலும் அதே கதைதான்.

அப்புறம் அந்த நேர் வயர். எங்காவது மோதி, பெட்ரோல் ஹோஸ் பிய்ந்து, இன்ஜின் நின்ற பிறகும் சாவி ஆனில் இருப்பதால் பம்ப் ஓடினால், 2.5 பார் அழுத்தத்தில் பெட்ரோல் சூடான இன்ஜின் மேல் பீய்ச்சும். பஸ்ஸில் இன்ஜின் இருப்பது பின்சீட்டுக்குப் பின்னால். பிள்ளைகள் உட்காரும் இடம் அது.

வேன்பிரியன்:
தள்ளியதும் பம்ப் ஓடியது! ஹோஸின் மடிப்பை விரித்துப் பார்த்தால் அடிப்பக்கம் சுண்டுவிரல் நீளத்துக்கு விரிசல், வயதான ரப்பர். புதியது ஆர்டர் போட்டாச்சு. நண்பரிடம் 80களின் கே-ஜெட்ரானிக் (இன்னொரு வகை பெட்ரோல் இன்ஜெக்ஷன்) பென்ஸ் இருக்கிறது. அதிலும் இப்படித் தள்ளிப் பார்க்கலாமா?

கிரீஸ்கை:
வேண்டாம். அதில் ரிலே இக்னிஷன் பல்ஸைக் கவனித்து, பல்ஸ் நின்றால் பம்ப்பை நிறுத்தும். இன்ஜெக்டர்கள் பெட்ரோல் அழுத்தத்திலேயே திறப்பவை. பம்ப் ஓடும்போது, அதில் காற்றை அளக்கும் தட்டை அசைத்தால் இன்ஜினுக்குள் பெட்ரோல் கொட்டிவிடும்.