பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் லினக்ஸ்: ஞாயிற்றுக்கிழமை வகுப்பு சரிப்படுமா?

அம்பைக்காரன்
(ஞாயிறு, இரவு 9.10)

சொந்தக்காரர்கள் வீட்டுப் பரணில் கிடந்த பழைய மடிக்கணினிகள் ஆறு சேர்த்து வைத்திருக்கிறேன். நாலு அரசு இலவச லேப்டாப். 2011ல் ஆரம்பித்த திட்டத்தில் சித்தி பிள்ளைகளும் பெரியம்மா பிள்ளைகளும் பன்னிரண்டாவதில் வாங்கியவை. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு புதுப்பிப்பை நிறுத்திவிட்டார்கள். விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டும், புதிய பிராசஸர் இருக்க வேண்டும். இந்தப் பெட்டிகள் எதுவும் அதற்குத் தேறாது.

அதனால் ஆறிலும் விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸ் மின்ட், அதில் பழைய பெட்டிக்கு ஏற்ற லேசான எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பு போட்டேன். ராமை 4 ஜிபி ஆக்கி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி மாட்டினேன். நன்றாகவே ஓடுகிறது. ஊர்ப்புற நூலகத்து மாடியில் ஞாயிறு தோறும் காலையில் வகுப்பு வைக்கலாம் என்று நினைக்கிறேன். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று, அதன் தாத்தாவோ ஆச்சியோ ஒருவர், இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி.

இந்த யோசனை அப்பாவால் வந்தது. அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் தமிழ்த் தட்டச்சு ஹையர் பாஸ் செய்தவர். கம்ப்யூட்டர் என்றாலே நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொள்வார். மின்ட்டில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் எம்17என் நிறுவிப் பார்த்தபோது தமிழுக்குள் பழைய தட்டச்சு அமைப்பும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, "அப்பா, மெஷினில் கை வைப்பது போல வையுங்கள்" என்றேன். இடது கை நாலு விரலும் போய் உட்கார்ந்து ய, ள, ன, க என்று அடித்தது. திரையில் அப்படியே வந்தது. அப்பா நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. அரை மணி நேரத்தில் அத்தைக்கு ஒரு கடிதம் முடித்துவிட்டார். நாற்பது வருடம் தூங்கின விரல் அது. வகுப்பைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பாளை ஜெராக்ஸ் கடை
(ஞாயிறு, இரவு 10.02)

அண்ணாச்சி, உங்கள் அப்பா கதை மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அதே தட்டச்சு அமைப்பு விண்டோஸில் தமிழ் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டரிலும் இருக்கிறது. அதற்காக லினக்ஸ் வேண்டியதில்லை. விண்டோஸ் 10க்கும் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும். அவசரம் ஒன்றும் இல்லை.

நான் பாளையங்கோட்டையில் பதினாலு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெரியவர்கள் என் கடைக்கு எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நவம்பர் வந்தால் ஓய்வூதியக்காரர்களுக்கு ஆயுள் சான்று. அதை எடுக்கிற ஜீவன் பிரமாண் மென்பொருளை விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள், லினக்ஸுக்குக் கொடுக்கவில்லை. வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பத்திரம், மனு எல்லாம் பென்டிரைவில் வரும். அந்த எழுத்துரு இல்லாத பெட்டியில் திறந்தால் ஒரு வரி படிக்க முடியாது. பி.காம் முடித்துவிட்டு டவுனில் கடை வேலைக்குப் போகிற பிள்ளையிடம் முதல் கேள்வியே "டேலி தெரியுமா?" என்பதுதான். டேலி கடைக் கணக்கு எழுதும் விண்டோஸ் மென்பொருள்.

இதையெல்லாம் விட ஒன்று என் மனதில் கிடக்கிறது. எங்கள் பெரியப்பா வீட்டுக் கணினியில் அவர் பேரன் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டான். ஒருநாள் பிரிண்டர் நின்றது. பெரியப்பா தெருவில் யாருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. இரண்டு மாதம் துணி போட்டு மூடி வைத்திருந்தார். நான் போனபோது, "எனக்குத்தான் புத்தி எட்டல தம்பி" என்றார். புத்தி நன்றாகவே எட்டும் மனுஷன் அவர். அவரை அப்படிச் சொல்ல வைத்த காரியத்தை நான் எப்படி நல்லது என்று சொல்வேன்?

கடையம் டீச்சர்
(திங்கள், காலை 6.45)

ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி சொன்ன பெரியப்பாவை நினைத்து ராத்திரி முழுக்க மனசு கேட்கவில்லை. ஆனால் அதில் இயங்குதளத்தின் தப்பு எவ்வளவு, தனியாக விட்டுப்போனதன் தப்பு எவ்வளவு?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், நான் இதே கதையைப் பள்ளியில் பார்த்தேன். ஆரம்பத்தில் வந்த அரசு லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் நம் நாட்டிலேயே அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. என் மாணவர்கள் வாங்கின வாரத்திலேயே ஒவ்வொருவராக அதை அழித்துவிட்டு வந்தார்கள். "ஏன்டா?" என்றால், "அதுல என்ன இருக்குன்னு தெரியல டீச்சர், இடத்த அடைச்சிட்டு இருந்துச்சு" என்றான் ஒருவன். அவனைக் குறை சொல்ல முடியாது. ஒரு பீரியட் கூட யாரும் அதைத் திறந்து காட்டவில்லை. நானும் காட்டவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்தல்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். 2018ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியலில் விண்டோஸோடு உபுண்டு என்ற லினக்ஸும் பாடமாக இருக்கிறது. கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் எழுத்து வேலைக்கு ஓப்பன் ஆபிஸ் ரைட்டர், கணக்குக்கு கால்க். பன்னிரண்டாவது கணினி அறிவியலில் பைத்தான் என்ற நிரல்மொழி. விண்டோஸைத் தவிர இதில் எதற்கும் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் தேவையில்லை. பாடம் அங்கே இருக்கிறது, வீட்டில் தொட்டுப் பார்க்கத்தான் பெட்டி இல்லை. அம்பைக்காரன் தம்பி அதைத்தானே கொடுக்கப் போகிறார்?

செங்கோட்டைக்காரன்
(திங்கள், காலை 8.20)

நமக்கு மலைக்கு அந்தப் பக்கம் புனலூர். என் அத்தை பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள். கேரளாவில் 2001ல் ஐடி அட் ஸ்கூல் தொடங்கி, பிறகு பள்ளிகளை முழுக்க லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றினார்கள். இப்போது கைட் என்ற பெயரில் அந்த வேலை நடக்கிறது. அங்கே முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் பிள்ளைகளிடம் போனார்கள். டீச்சர் சொல்கிற விஷயமும் அதுதான். ஆள் தயாராகாமல் பெட்டி மட்டும் வந்தால் நிற்காது.

முக்கூடல் மருமகள்
(திங்கள், மதியம் 1.30)

நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். எங்கள் மாமியார் இருபது வருடம் பீடி சுற்றினவர். இப்போது மகளிர் குழுவின் கணக்கு அவர் பொறுப்பு. போன பொங்கலுக்கு மின்ட் போட்ட லேப்டாப் ஒன்றைக் கொடுத்து லிப்ரே ஆபிஸ் கால்க் சொல்லிக் கொடுத்தேன்.

இலையை வெட்டித் தூள் வைத்து உருட்டி நூல் கட்டுகிற வேகம் அவர் கையில் அப்படியே இருக்கிறது. மௌஸில் மட்டும் இரண்டு சொடுக்கு சேர்ந்து விழவில்லை. முதல் சொடுக்குக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கை நகர்ந்துவிடும், கோப்பு திறக்காமல் எங்கேயோ இழுபடும். அன்றைக்கு மூன்று முறை மௌஸைக் கீழே வைத்துவிட்டார். கோப்புகளைக் காட்டும் துனார் செயலியின் அமைப்பில் போய் ஒரே சொடுக்கில் திறக்கும்படி மாற்றினேன். கோப்பு திறந்தது. மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் பதினேழு பேர் சந்தாவையும் ஏற்றி வைத்திருந்தார்.

விண்டோஸிலும் அந்த அமைப்பு உண்டு. நான் அதை வைத்து லினக்ஸ் உயர்த்தி என்று பேச வரவில்லை. அவருக்கு என்ன இடறுகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால்தான் அது தெரிந்தது. ஜெராக்ஸ் கடை அண்ணாச்சி பயப்படுவது எனக்கும் உள்ள பயம்தான். நானும் சென்னைக்குத் திரும்பிவிட்டேனே. இப்போது வாரத்துக்கு இரண்டு முறை வீடியோ காலில் பேசுகிறோம், பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பாளை ஜெராக்ஸ் கடை
(திங்கள், இரவு 9.50)

டீச்சர், பாடப்புத்தகத்தில் உபுண்டு இருப்பது எனக்குப் புதுச் செய்தி. அதை ஒத்துக்கொள்கிறேன். டேலியில் நான் சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டேன். ஊர்ப் பிள்ளைக்கு ஒரு வேலை கிடைக்கிற கதவு அது. அதைச் சாத்திவிட்டு வேறு கதவைத் திறந்தேன் என்று சொல்லக் கூடாது.

அம்பைக்காரன் அண்ணாச்சி, பெரியப்பா கதையைச் சொல்லி நான் கேட்க வந்ததற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நீங்கள் ஊரில் இருப்பீர்களா?

அம்பைக்காரன்
(திங்கள், இரவு 11.15)

இருப்பேன். சொந்த ஊரிலேயே விவசாயம், அப்பாவும் என்னோடு. நான் இல்லாத வாரத்துக்கு ஆள் வேண்டும் என்பது உங்கள் பெரியப்பா கதையைப் படித்த பிறகுதான் உறைத்தது. அதனால் முதல் மாதம் கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேருக்கு மட்டும் வகுப்பு. மின்ட் நிறுவுவது, பிரிண்டர் சேர்ப்பது, டைம்ஷிப்டில் பழைய நிலைக்குத் திருப்புவது. பிறகுதான் தாத்தா, ஆச்சிகள்.

ஆயுள் சான்று பற்றி: இப்போது ஆண்ட்ராய்டு போனில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம், அப்பாவுக்குப் போன நவம்பரில் அப்படித்தான் எடுத்தோம். வானவில் கோப்பை எல்லாப் பெட்டியிலும் படிக்க வரும் யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வழி, அது எந்த இயங்குதளத்திலும் செய்ய வேண்டிய வேலை. டேலிக்கு என்னிடம் பதில் இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு டேலி வேண்டாம், இருபது வயதுக்கு வேண்டும். அந்தப் பிள்ளை உங்கள் கடைக்கு வரட்டும்.

நேற்று எங்கள் அக்கா மகள் பிள்ளைகள் படம் வரையும் டக்ஸ் பெயிண்ட் மென்பொருளில் ஆறும் படித்துறையும் வரைந்தாள். அதில் மாயக் கருவிகளில் மழை என்று ஒன்று இருக்கிறது, தேய்த்தால் தூறல் விழும். தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆச்சி பக்கத்தில் இருந்து, "போதும் தாயி, வீட்டுக்குள்ள தண்ணி வந்துரும்" என்று கையைப் பிடித்துவிட்டார். 2023 டிசம்பரில் தாமிரபரணி ஏறி வந்ததில் ஆச்சி வீட்டுச் சுவரில் இன்னும் கறை இருக்கிறது. பிறகு ஆச்சியே மௌஸை வாங்கி, தண்ணீருக்கு மேலே படித்துறையில் இன்னும் இரண்டு படி வரைந்தார். கோடு கோணல்தான். பேர் கேட்காமலே சேமித்துக்கொண்டது, அது அவருக்கு வசதியாக இருந்தது.

கடையம் டீச்சர்
(செவ்வாய், காலை 6.30)

அந்த மூன்று பேருக்கான வகுப்பில் ஒரு ஞாயிறு எனக்குக் கொடுங்கள் தம்பி.

பாளை ஜெராக்ஸ் கடை
(செவ்வாய், காலை 7.05)

ஆறு பெட்டியில் ஒன்றில் விண்டோஸும் சேர்த்துப் போட்டு வையுங்கள். பிள்ளைகள் இரண்டையும் பார்க்கட்டும். அதற்குச் சம்மதம் என்றால் பெரியப்பாவின் பழைய பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு நானே வருகிறேன், உங்கள் பிள்ளைகள் அதைச் சரி பண்ணிக் காட்டட்டும்.

கடையம் டீச்சர்
(செவ்வாய், காலை 7.20)

வேண்டாம் அண்ணாச்சி. இரண்டும் இருந்தால் என் மாணவர்கள் செய்ததைத்தான் இவர்களும் செய்வார்கள், தெரிந்ததை மட்டும் திறப்பார்கள். ஆறிலும் ஒன்றே இருக்கட்டும்.

அம்பைக்காரன்
(செவ்வாய், காலை 8.00)

இதை நான் இன்னும் முடிவு செய்யவில்லை, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பிரிண்டரை மட்டும் இந்த ஞாயிறே கொண்டு வாருங்கள் அண்ணாச்சி, எந்த மாடல் என்று எழுதினால் டிரைவர் இப்போதே தேடி வைக்கிறேன். பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள்.