கேள்வி கேட்டாலே எரிந்து விழுகிறார்கள், எப்படித்தான் கேட்பது?

மழைத்துளி:
பைதான் நிரல்மொழி கற்க ஆரம்பித்து நான்கு மாதம் ஆகிறது. சிஎஸ்வி கோப்பு (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) ஒன்றைப் படிக்கும்போது 'பெயர்' என்ற முதல் பத்திக்கு (காலம்) மட்டும் கீஎரர், அதாவது அப்படி ஒரு பெயரே இல்லை என்ற பிழை, வருகிறது, மற்ற பத்திகள் ஒழுங்காக வருகின்றன. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, சரி கேட்டுவிடுவோம் என்று ஓரிடத்தில் "முதல் பத்தியைப் பெயர் சொல்லாமல் எண்ணை வைத்து எடுப்பது எப்படி" என்று கேட்டேன். ஒருவர் "அப்படி ஏன் எடுக்க வேண்டும்" என்றார், இன்னொருவர் "டாக்குமெண்டேஷன் படித்தீர்களா" என்றார், பத்து நிமிடத்தில் ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று மூடியும் விட்டார்கள். அவர்கள் காட்டிய பழைய பதில் பைதான் 2-க்கு எழுதியது. அதற்கு 2020 ஜனவரி 1-உடன் ஆதரவே நின்றுவிட்டது, அந்த நிரல் என்னிடம் ஓடவும் இல்லை. முயற்சி செய்யாமல் கேட்கிறவன் என்று நினைத்துவிட்டார்களே, அதுதான் வலிக்கிறது.

பழைய கீபோர்டு:
உங்களை நடத்திய விதம் தவறு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பல வருடமாகப் பதில் சொல்கிறவன் என்ற முறையில் இதையும் சொல்ல வேண்டும். திரையை மொபைலில் படம் பிடித்துப் போடுவார்கள், அதிலிருந்து ஒரு வரியைக்கூட காப்பி பண்ண முடியாது. "ஓடவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள், என்ன எரர் என்று கேட்டால் மறுநாள்தான் பதில் வரும். ஒரு மணி நேரம் செலவழித்து நாமே அந்தக் கோப்பை உருவாக்கிப் பார்த்து விடை சொன்னால், "சரியாகிவிட்டது, நன்றி" என்று போய்விடுவார்கள், எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது. அதே சிக்கலோடு அடுத்து வருகிறவருக்கு அது எப்படி உதவும்? இப்படியே போனால் நல்ல மனிதர்களும் ஒரு வரியில் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள். அது சரியென்று நான் சொல்லவில்லை.

வளையம்:
மழைத்துளி, உங்கள் உண்மையான சிக்கல் கீஎரர். நீங்கள் கேட்டதோ அதைச் சுற்றிப்போக ஒரு வழி. எரரையே முழுதாக ஒட்டி, இரண்டு வரி டேட்டாவும் கொடுத்திருந்தால் யாராவது அப்போதே கண்டுபிடித்திருப்பார்கள். கேள்வியை மூடியவர்களும் அதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது போகட்டும், பத்திப் பெயர்களை ஒவ்வொன்றாக இல்லாமல் மொத்த லிஸ்டாக பிரிண்ட் செய்து பாருங்கள். முதல் பெயருக்கு முன்னால் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா?

மழைத்துளி:
இருக்கிறது! 'பெயர்' என்பதற்கு முன்னால் பின்சாய்கோடு போட்டு யூஎஃப்இஎஃப்எஃப் என்று வருகிறது. தனியாக பிரிண்ட் செய்தபோது கண்ணுக்கே தெரியவில்லை.

வளையம்:
அது பாம் (BOM), கோப்பு எந்த என்கோடிங்கில் இருக்கிறது என்று காட்டத் தொடக்கத்தில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி. எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் 3 பைட் சேர்ந்துவிடும், அது முதல் பத்தியின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். கோப்பைத் திறக்கும்போது என்கோடிங்கை (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்-8-க்குப் பதில் யூடிஎஃப்-8-சிக் (utf-8-sig) என்று கொடுங்கள், அந்தக் குறியை விட்டுவிட்டுப் படிக்கும்.

மழைத்துளி:
ஓடிவிட்டது, ரொம்ப நன்றி வளையம். கீபோர்டு சொன்னதையும் மறக்கவில்லை. என் பழைய கேள்வியின் கீழே எரர் செய்தி, காரணம், மாற்றிய வரி மூன்றையும் எழுதிவிட்டு வந்தேன்.