வீட்டுல பண்ண மிக்ஸ், கொஞ்சம் காது குடுத்து கேட்டு சொல்லுங்க

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம், பர்மா யாங்கூன்லேருந்து எழுதுறேன். பீலிக்கான் ஊரு அங்காள பரமேஸ்வரி அம்மனுக்கு நாங்களே எழுதி பாடின பாட்ட வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணி, கரண்ட் போயி போயி வந்ததுல ஹெட்போன்ல மட்டுந்தான் கேட்டு மிக்ஸ் பண்ணி (குரலையும் வாத்தியத்தையும் அளவு பாத்து ஒண்ணா சேர்த்து) முடிச்சேன். ஹெட்போன்ல உறுமி நெஞ்சுல வந்து இடிக்குது, அதையே போன் ஸ்பீக்கர்ல போட்டா உறுமி இருக்கிற இடமே தெரியல. சின்ன ஸ்பீக்கர்ல பேஸ், அதாவது கனமான கீழ் சத்தம், சரியா வராதுன்னு தெரியும், அதுக்காக பேஸ ஏத்துனா 200லேருந்து 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஒரே கொழகொழன்னு ஆகி எங்க அத்தை குரல் உள்ள அமுங்கிடுது. உறுமில குச்சி தேய்க்கிற சத்தத்த கொஞ்சம் தூக்கவா, இல்ல லேசா சாச்சுரேஷன் (சத்தத்துல கொஞ்சம் கரகரப்பு சேர்க்கிறது) போடவா?

போன தடவ கேட்டப்ப எல்லாரும் "சூப்பர்"னு மட்டும் சொன்னாங்க, மனசுக்கு சந்தோஷம், ஆனா எத மாத்துறதுன்னு புரியல. எத்தனாவது செகண்டுல எது உறுத்துது, நீங்க எதுல கேட்டீங்கன்னு சொல்லுங்க. வேற பாட்டோட ஒப்பிட்டா ரெண்டையும் ஒரே சத்தத்துக்கு கொண்டுவந்துட்டு கேளுங்க, இல்லேன்னா சத்தமா இருக்கிறதுதான் நல்லா இருக்கிற மாதிரி காது ஏமாந்துடும். உங்க மிக்ஸ் இருந்தாலும் அனுப்புங்க, நானும் முழுசா ரெண்டு தடவ கேட்டுட்டு சொல்றேன்.